வெள்ளிக்கிழமை அம்மா

செப்டம்பர் 8

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை டிவியில் பார்த்தேன், நலமாகத்தான் இருக்கிறாய். புதுக் கண்ணாடி போட்டிருந்தாய். முகத்துக்கு எடுப்பாக இருந்தது. வயிறு எரிந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

நீ போன் செய்தபோது பாதியில் வைத்துவிட்டேன். அதற்கு வருத்தமில்லை. போனில் நீ ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நான் நாலு சொல்வேன், கடைசியில் நீ அழுவாய், தப்பெல்லாம் என் தலையில் விழும். சின்ன வயதிலிருந்தே அதுதானே நடக்கிறது. உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை எழுது. எழுத்தில் நீ அழுதால் எனக்குக் கேட்காது.

எங்கள் விடுதிக் கூடத்தில் இருப்பது ஒரே டிவி. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருக்கும் நாங்கள், சமையல்கட்டுப் பெண்கள், வார்டு துடைப்பவர்கள், எல்லாரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன் முன்னால்தான். என் வாலுவின் பள்ளிக்கூடத்தில் சுவருக்குச் சுவர் கேமரா மாட்டி எடுக்கிறார்களே, அந்த ‘மணி அடிச்சாச்சு’ நிகழ்ச்சி வந்ததிலிருந்து சீரியல்களை யாரும் சீந்துவதில்லை. எவளோ பெற்ற பிள்ளைகள் கணக்கில் கோட்டைவிட்டால் இவர்கள் தலையில் கை வைக்கிறார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் யாரையாவது திட்டினால் டிவியைப் பார்த்துத் திருப்பித் திட்டுகிறார்கள். சமையல்கட்டுக்காரி ஒருத்தி, அறிவியல் மிஸ்ஸுக்கும் விளையாட்டு மாஸ்டருக்கும் கல்யாணமே பேசி முடித்துவிட்டாள்.

இத்தனை பேருக்கும் செல்லம் யார் என்றால் வாலுதான். ‘கடைசி பெஞ்சு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் வாயைத் திறந்தாலே கூடம் சிரிக்கிறது. நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அவள்தான் ‘நீ பாக்காதம்மா, எனக்கு வெக்கமா இருக்கும்’ என்று ஆரம்பத்திலேயே சொன்னாளே. நான் பார்ப்பதில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் காட்டினார்கள். நீ வந்தாய். வாலு உன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சரி, பெரியம்மாதானே, சாயட்டும் என்று இருந்தேன். கீழே எழுத்து ஓடியது. ‘மாணவியின் அம்மா.’

அதோடு விட்டாயா? அறிவியல் மிஸ் ஏதோ குறை சொன்னதும் நீ, ‘வீட்லயும் அப்படித்தான் மிஸ், இவ கை வெச்ச இடம் தெரியாது, வாய் வெச்ச இடம்தான் தெரியும்’ என்றாய். கூடமே கைதட்டியது. அது யார் சொல்லும் சொல் அக்கா? அவள் ஆறு வயதில் அடுக்களையைக் காலி செய்தபோது நான் சொன்னது. என் பிள்ளையைத்தான் எடுத்தாய், என் வாயையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

‘அது என் பொண்ணு. அவங்க எங்கக்கா’ என்று சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன். இஸ்திரி மெஷினில் என்னோடு நிற்கும் மூத்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ‘அப்படின்னா அந்த ஹெட்மிஸ்ட்ரஸை நான்தான் பெத்தேன்’ என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மாவின் மூக்கைப் பார், பெண்ணின் மூக்கைப் பார், அச்சு அசல் என்று ஒருத்தி சாட்சி வேறு சொன்னாள். அது நம் அப்பாவின் மூக்கு. எனக்கும் அதே மூக்குதான். இந்த வெள்ளை உடுப்பும் தலைத்தொப்பியும் போட்டால் யாருக்கு மூக்கு தெரிகிறது?

அந்த எழுத்தைப் போடச் சொன்னது யார்? நீயா, அவளா? அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, ‘ஆமாம்மா, தெரிஞ்சுதான் சொன்னேன்’ என்றுவிட்டால் நான் எங்கே போவேன்?

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். இந்தப் பரீட்சை முடிந்ததும் அவளை உன் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது.

டிவியில் வராத அம்மா



செப்டம்பர் 14

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானிடம் படிக்கக் கொடுத்தேன். தான் பழுது பார்க்கும் லிப்ட்டில் தானே மாட்டிக்கொண்ட மாதிரி முழித்துவிட்டு, ‘அக்கா தங்கச்சி விஷயத்துல நான் தலையிடல’ என்று மடித்துக் கொடுத்துவிட்டார். பிழைக்கத் தெரிந்த மனுஷன்.

அந்த எழுத்தை நான் போடச் சொல்லவில்லை. கூட்டத்துக்குப் போனேன், புடவைத் தலைப்பில் மைக்கைக் குத்தினார்கள், ‘உட்காருங்கம்மா’ என்றார்கள், உட்கார்ந்தேன். காய்கறிக்காரரிலிருந்து கண்டக்டர் வரை எல்லாரும்தான் என்னை ‘அம்மா’ என்கிறார்கள். ஒவ்வொருத்தரிடமும் ‘நான் அம்மா இல்லை, பெரியம்மா’ என்று திருத்திக்கொண்டா இருக்க முடியும்? மேலும், பெரியம்மா என்று எழுதிப் பார். அதற்குள் அம்மா இருக்கிறாள்தானே.

அந்தச் சொல் உன்னுடையது என்பது எனக்கு ஞாபகம் இல்லை. நாலு வருஷமாக இந்த வீட்டில் புழங்குகிறது. புழங்குகிற சாமானுக்கு யார் வாங்கியது என்றா பார்ப்பார்கள்?

இங்கே நடப்பதையும் கேள். எங்கள் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் பார்வை சோதிக்க வருகிறார்களா, என்னைப் பார்க்க வருகிறார்களா என்று முதலாளிக்கே சந்தேகம். ‘நீங்க கடைசி பெஞ்சோட அம்மாதானே’ என்கிறார்கள். நான் போட்டிருந்த அந்தத் தவிட்டு நிற பிரேம் மூன்று நாளில் தீர்ந்துவிட்டது. ஒரு ரிட்டயர்டு மனுஷர், அந்தப் பள்ளிக்கூட வாத்தியார்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள், பிரம்பை எடுத்தால்தான் உருப்படும் என்று என்னிடம் அரைமணி நேரம் சண்டை போட்டார். அவருக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டே தலையாட்டினேன். ஒரு கல்லூரிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்க அம்மா உங்களை மாதிரி இருந்திருக்கலாம் என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

உனக்கு வயிறு எரிகிறதென்றால் எனக்கு மட்டும் குளுகுளு என்றிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தால் வாலு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே ஒரே சிரிப்பு. வெளியே வந்து, ‘என்னடி சொன்னா அம்மா’ என்று கேட்டால், ‘ம், ஒண்ணுமில்ல பெரியம்மா.’ வாரம் ஆறு நாள் காய்ச்சலுக்கும் கைவலிக்கும் நான். ஏழாம் நாள் சிரிப்பு உனக்கு. அவள் பேச்சையெல்லாம் உனக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு எனக்கு ‘ம்’மைப் போடுகிறாள். இதை நான் யாரிடம் சொல்லிச் சண்டை போட?

இன்னொன்று. நாலு வாரமாக அந்தக் கூடத்தில் அவள் யாரோ என்று உட்கார்ந்திருந்தாயே, அப்போது உன் வாயை யார் தைத்து வைத்தது? நீ அம்மா என்று சொல்லாத இடத்தில்தான் என்னை அம்மா என்று எழுதிவிட்டார்கள்.

கூட்டிக்கொண்டு போவதென்றால் போ. பெற்றவள் நீ. பெரிய பரீட்சைக்கு ஒரு வருஷம் இருக்கும்போது பள்ளிக்கூடத்தை மாற்றுவது புத்தியா என்று மட்டும் யோசி.

இன்னும் உன் அக்காதான்



செப்டம்பர் 22

அக்காவுக்கு,

பெரியம்மாவுக்குள் அம்மா இருக்கிறாளாம். சின்னம்மாவுக்குள்ளும் இருக்கிறாள், மாரியம்மாவுக்குள்ளும் இருக்கிறாள். அதற்காக எல்லாரும் என் பிள்ளைக்கு அம்மாவா?

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு முன்பெஞ்சுப் பெண்ணைக் காட்டினார்களே, அவளுடைய அம்மாவும் வெளியூரில் வேலை. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, ‘அம்மா ஞாபகம் வருமா’ என்று கேட்டு, அவள் உதடு துடிப்பதைப் பெரிதாகக் காட்டி, பின்னால் வயலினை இழுத்தார்கள். கூடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் அழுதார்கள். ‘பெத்துப் போட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வருதோ’ என்று திட்டினார்கள். திட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே விரிப்பு மடிக்கிறவர்கள்தான். நான் அன்றைக்கு வாயை மூடியவள். உன் பெயருக்குக் கீழே அந்த எழுத்தைப் பார்த்ததும்தான் திறந்தேன். பிள்ளையை விட்டு வந்தவள் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, பிள்ளையே இல்லாதவள் ஆவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

திறந்ததற்குப் பலனும் கிடைத்தது. இங்கே எனக்கு இப்போது ‘பெத்தவ’ என்று பேர். ‘பெத்தவளே, அந்தத் தலையணை உறையைத் தள்ளு.’ ‘பெத்தவளுக்கு ஒரு டீ.’ ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணியை வார்டு வெள்ளையோடு தவறிப் போட்டுவிட்டேன், ‘பாவம், பொண்ணு ஞாபகம்’ என்று சூப்பர்வைசர்கூடச் சிரிக்கிறார். நேற்று முன்தினம் நிகழ்ச்சியில் நீ மறுபடி வந்தாய். மழைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றாய். ‘பாருங்கடி, தாய்னா இதுதான் தாய்’ என்றாள் இஸ்திரி மூத்தவள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஸ்வெட்டர் நான் வாங்கி அனுப்பியது. அது யாருக்குத் தெரியும்? எனக்கு எழுந்து டிவியை உடைக்க வேண்டும்போல் இருந்தது.

உடைக்கவில்லை. நிகழ்ச்சி முடியும்போது கருத்துச் சொல்ல ஒரு நம்பர் போடுவார்களே, அதற்குப் போன் செய்தேன். நான்தான் அவளைப் பெற்ற அம்மா, நீங்கள் காட்டுகிறவர் பெரியம்மா என்று சொன்னேன். முதலில் ஒரு பையன் எடுத்தான், பிறகு ஒரு பெண் வந்தாள், பிறகு பெரிய ஆள் ஒருத்தர் வந்தார். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். ‘நீங்க அங்கயே இருங்கம்மா, நாங்களே கேமராவோட வர்றோம்’ என்கிறார்கள். அடுத்த வாரத்துக்குள் வருகிறார்கள்.

வரட்டும். ஒரு தடவையாவது என் பெயருக்குக் கீழே அந்த எழுத்து ஓடட்டும். அதை இந்தக் கூடம் பார்க்கட்டும். நீயும் பார்.

பெத்தவள்



செப்டம்பர் 23

தங்கச்சிக்கு,

உன் பதில் வரவில்லை. வரும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை.

நேற்று வாலுவிடம் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, சும்மா கேட்பதுபோல, ‘ஏண்டி, என்னை அம்மான்னு எழுதிட்டாங்களே, நீயா சொன்ன’ என்றேன். ‘ஆமா பெரியம்மா’ என்றாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுதமாட்டேன். எழுதினால் உனக்குக் கோபம் வரும்.

பிறகு மற்றதையும் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

‘அம்மா வெளியூர்ல இருக்காங்கன்னு சொன்னா, அந்த முன்பெஞ்சுக்காரியைப் பண்ண மாதிரி என்னையும் உட்காரவெச்சு வயலின் போடுவாங்க பெரியம்மா. அவ இப்ப பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்கா வர்றதில்ல. ரோட்ல போறவங்கல்லாம் அவ அம்மாவைத் திட்டறாங்க. எங்கம்மாவை யாரும் அப்படிப் பேசக்கூடாது. அதான் உங்களைச் சொல்லிட்டேன். அம்மாதான் பாக்கறதில்லையே. உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?’

ஒன்றும் கஷ்டம் இல்லை என்றேன். பின்னலை இறுக்கிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, ஆ என்று கத்தினாள்.

இரண்டு வாரமாக நான் ராணி மாதிரி நடந்துகொண்டிருந்தேன். கடையில் யாராவது ‘அம்மா’ என்றால் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வேன். வாலு மனதார அப்படிச் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நான் போடச் சொல்லவில்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய்யில்லை. ஆனால் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி உனக்காக என்னைப் பிடித்திருக்கிறாள்.

நீ ஜெயித்தாய். டிவியில் வராமலே ஜெயித்தாய். எனக்கு உன்மேல் இப்போது இருக்கிற பொறாமை, உனக்கு என்மேல் இருந்ததைவிடப் பெரிது.

அக்கா



செப்டம்பர் 27

அடியே,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய். உன் கடிதம் இப்போதுதான் வந்தது. எந்த வயலினிலிருந்து உன்னைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை பொய் சொன்னதோ, அந்த வயலினை நீயே வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாய். இனிமேல் உன்னையும் திட்டுவார்கள், அவளையும் பொய்க்காரி என்பார்கள். என்னை என்ன சொல்வார்களோ, அதைப்பற்றி இப்போது யோசிக்க நேரமில்லை.

உன் அத்தான் போனிலிருந்தும் அடித்துப் பார்த்தேன். அதையும் தடுத்து வைத்திருக்கிறாய், கெட்டிக்காரி. விடுதிக்கு அடித்தால், வேலை நேரத்தில் கூப்பிட முடியாது என்று வைத்துவிடுகிறார்கள். அவர்களை வரவேண்டாம் என்று சொல். வாலுவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ அவளோடு பேசும்போது நான் குறுக்கே வர முடியாது.

அக்கா



அக்டோபர் 3

அக்காவுக்கு,

இருபத்து மூன்றாம் தேதிக் கடிதம் முதலில் வந்தது. விரிப்பு உலர்த்தும் அறையில் நின்று படித்தேன். அங்கே இருக்கிற சூட்டில் யார் முகம் சிவந்தாலும் வித்தியாசம் தெரியாது. உடனே உனக்குப் போன் செய்யக் கை போனது. செய்யவில்லை. நீ ‘ஹலோ’ என்றதும் நான் உடைந்துவிடுவேன், பிறகு காரியம் ஒன்றும் நடக்காது.

டிவிக்காரர்களை அழைத்து, வரவேண்டாம், எனக்கு இஷ்டமில்லை என்றேன். ‘பரவால்லம்மா, நாங்க பொண்ணுகிட்டயே பேசிக்கறோம்’ என்றார்கள். நாம் விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள். அவளை உட்காரவைத்து, ‘உங்க அம்மாவை ஏன் மறைச்சே’ என்று கேட்பார்கள். அதைவிட என்னிடமே வரட்டும் என்று, சரி வாருங்கள் என்றேன். உன் இரண்டாவது கடிதம் அவர்கள் வந்த அன்று காலையில்தான் கைக்குக் கிடைத்தது.

மூன்று பேர் வந்தார்கள். அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். பின்னால் சலவை மெஷின் ஓடினால் நன்றாக இருக்கும் என்று அதை வெறும் தண்ணீரில் ஓடவிட்டார்கள். பெண்ணின் போட்டோவைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தலைத்தொப்பியைக் கழற்றட்டுமா என்றேன், வேண்டாம், அதுதான் பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். கெட்ட பெண் இல்லை. அவள் வேலை அது. கூடத்துக்காரிகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். இஸ்திரி மூத்தவள் முன்னால். அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. உண்மைதானோ என்று பயந்துபோயிருந்தாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே அக்கா நான் மூன்று வாரம் வெந்தேன். ‘நான்தான் பெத்தவ’ என்று சொன்னால் போதும். அத்தனை பேர் வாயும் அடைந்திருக்கும்.

‘உங்க பொண்ணு வேற ஒருத்தரை அம்மான்னு சொன்னப்ப பெத்த மனசுக்கு எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டாள்.

‘நான் பெத்தவ இல்லம்மா. நான் அவ சித்தி. எங்கக்கா டிவில வந்து பேர் வாங்கிட்டா, எனக்குப் பொறுக்கல. அந்த ஆத்திரத்துல பொய் சொல்லிப் போன் பண்ணிட்டேன்’ என்றேன்.

அவர்கள் கேமராவை அணைக்கவில்லை. நிஜமாகவா, யாராவது மிரட்டினார்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நானும் மாற்றாமல் சொன்னேன். பொறாமை என்று சொன்னதில் பொய் இல்லாததால் சொல்லச் சுலபமாக இருந்தது. வாசலில் சமையல்கட்டுக்காரி கொல்லென்று சிரித்தாள். ஒருத்தி சிரித்தால் போதாதா. இஸ்திரி மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பெரிய மனசு பண்ணிவிட்டேன் என்று நினைக்காதே. அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போது, யாரோ என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி உன் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. இப்போதும் வலிக்கிறது. உனக்கு அவளைக் கொடுத்தது டிவிக்கு மட்டும்தான். புரிந்ததா?

கூட்டிக்கொண்டு வருவேன் என்று எழுதினேன். இங்கே ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்ப முடியாது. அவளை எங்கே வைப்பேன்? உன்னைப் பயமுறுத்தத்தான் எழுதினேன். அவள் அங்கேயே படித்து முடிக்கட்டும். பதினோராம் தேதி ஒளிபரப்பு என்கிறார்கள். அன்றைக்கு அவளை எங்காவது வெளியே கூட்டிக்கொண்டு போ. நான் அப்படிச் சொன்னதை அவள் பார்க்க வேண்டாம்.

உன் தங்கை



அக்டோபர் 15

தங்கச்சிக்கு,

வெள்ளிக்கிழமை அவளைக் கடைத்தெருவுக்குக் கூப்பிட்டேன். தலைவலி என்றாள். கரண்ட் போய்விட்டது என்று உன் அத்தான் மெயினை அணைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதே என்று அவளே போய்ப் போட்டுவிட்டாள். லிப்ட் மெக்கானிக்குக்கு வந்த சோதனை.

ஆக, பார்த்துவிட்டாள். வயலின் இல்லை. கோமாளி வருகிற மாதிரி ஒரு இசை போட்டிருந்தார்கள். ‘பொறாமைச் சித்தி’ என்று கீழே எழுத்து. நீ தொப்பியோடு உட்கார்ந்து சொன்னாய். ‘அம்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்களா?’ என்று மட்டும் வாலு கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா என்றுகூட எனக்குக் காட்டவில்லை.

சனிக்கிழமை கடையில் எல்லாருக்கும் அதே பேச்சு. ‘உங்க தங்கச்சிக்கு உங்க மேல என்ன பொறாமை பாருங்க’ என்று என் பக்கம் நின்று உன்னை ஏசினார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு வாங்கினேனே பாராட்டு, அதைப்போல் கசப்பு எதிலும் இல்லை.

நேற்று என்ன நடந்தது என்பதை வகுப்பு மிஸ்ஸே கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். முதல் பீரியடில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் அவளைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். சித்தி எப்படியிருக்கிறாள், சித்திக்கு ஒரு பாட்டு என்று. இவள் எழுந்து நின்றாளாம். பிள்ளைகளிடம் சொல்லவில்லை, நேராகச் சுவரில் இருக்கும் கேமராவைப் பார்த்து, ‘அது சித்தி இல்ல. எங்கம்மா. ஆஸ்பத்திரில துணி துவைக்கிறாங்க. என்னை விட்டுட்டுப் போகல, எனக்காகப் போயிருக்காங்க. பொய் சொன்னது நான்தான், அவங்க இல்ல’ என்றாளாம். அந்த முன்பெஞ்சுப் பெண்தான் முதலில் எழுந்து வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். டிவிக்காரப் பெண் ஓடி வந்து, தனியாக உட்கார்ந்து விவரமாகச் சொல்லேன் என்று கேட்டிருக்கிறாள். ‘அவ்வளவுதான் விஷயம், அடுத்தது கணக்கு’ என்று நோட்டைத் திறந்துவிட்டாளாம் நம் வாலு.

‘பெரியம்மா யாருன்னு ஏதாவது சொன்னாளா மிஸ்?’ என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. மிஸ் சற்று யோசித்துவிட்டு, ‘இல்லையே’ என்றார்.

சாயங்காலம் வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். ‘பெரியம்மா, உங்களுக்குக் கோபமா?’ என்றாள். இல்லை என்றேன். சாப்பிட்டாள். விடுமுறைக்கு உன்னிடம் வர வேண்டுமாம், கட்டில் இல்லாவிட்டால் தரையில் படுத்துக்கொள்கிறாளாம். அனுப்புகிறேன். திருப்பி அனுப்பிவிடு. இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

நேற்று எடுத்தது இந்த வெள்ளி வராது, அடுத்த வெள்ளிக்கிழமை வரும் என்று மிஸ் சொன்னார். பின்னால் போய் ஒண்டிக்கொண்டு நிற்காதே. அந்த இஸ்திரிக்காரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்.

நான் அன்றைக்கு டிவி போடப்போவதில்லை.

வாலுவின் பெரியம்மா